போகிற நாளுக்கு ஒரு கிராம்பு வாசனை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றில் ஒரு கலக்கம் வருமே, உங்களுக்கும் உண்டா? பேங்க்கில் சேர்ந்து இருபது வருஷம் ஆகியும் எனக்குப் போகவில்லை. யூதர்கள் இதற்கு ரொம்ப காலம் முன்பே ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். பெயர் ஹவ்தலா. 'பிரித்தல்' என்று அர்த்தம்.

அவர்களுடைய ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கி, சனி இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் முடியும். உடனே கல்லாப்பெட்டியைத் திறக்க ஓடக்கூடாது. கிண்ணம் நிறைய திராட்சை ரசம், ஒரு டப்பாவில் கிராம்பு, பட்டை மாதிரி வாசனைச் சரக்கு, பல திரி சேர்த்துப் பின்னிய மெழுகுவர்த்தி. இவற்றுக்கு ஆசி சொல்லி, சரக்கை முகர்ந்து, சுடர் வெளிச்சத்தில் விரல் நகங்களைப் பார்த்து, கடைசியில் சுடரை ரசத்தில் அணைப்பார்கள். ஓய்வுநாளில் கூடுதலாக ஓர் ஆன்மா வந்து தங்குமாம். அது கிளம்பும் வருத்தத்தை ஆற்றத்தான் வாசனை.

ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டிலேயே ஒரு ரபி இந்தச் சரக்கைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்திருந்ததாகக் குறிப்பு உண்டு. பிற்காலத்தில் டப்பாக்களை வெள்ளியில் கோபுரம் போலவே செய்தார்கள். உள்ளே இருந்தது என்னவோ நம்ம அஞ்சறைப்பெட்டிச் சரக்குதான்!

அந்தச் சரக்கு கப்பலேறிய கேரளக் கரையிலும் யூதர்கள் இருந்தார்கள். கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் கொடுத்து வட்டெழுத்தில் செப்பேடு எழுதினார். பகல் விளக்கும் அதில் ஒன்று. 1568ல் மட்டாஞ்சேரியில் எழுந்த ஆலயத்தின் பெயர் 'பரதேசி' ஜெப ஆலயம். வசவு இல்லீங்க, வெளியூர்க்காரர் என்றுதான் அர்த்தம். நம்மைப்போல!

1948க்குப் பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். ஜெப ஆலயத்தில் முழு வழிபாட்டுக்கு 10 ஆண்கள் வேண்டும். கட்டடம் இருந்தும் ஆள் சேரவில்லை. பெங்களூரில் நிலைமை வேறு. மாகடி ரோட்டில் 1904லிருந்து யூதர் கல்லறைத் தோட்டம் உண்டு, ஜெப ஆலயம்தான் எழும்பவில்லை.

ஆனால் ஹவ்தலாவுக்குக் கட்டடமும் வேண்டாம், பத்து பேரும் வேண்டாம். ஒருத்தர் இருந்தாலே போதும், சாப்பாட்டு மேஜையில் முடிந்துவிடும். ஊர் ஊராகப் போனவர்களோடு இது கூடவே போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஊர்த் தேரை ஓசூர் தாண்டி இழுத்து வர முடியாது, சரி. மேஜையில் அடங்குகிற மாதிரி நாம் எதைக் கொண்டுவந்தோம்? எங்கள் வீட்டில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டில்?