விடுபட்ட எண்ணும் மீண்டு வந்த எண்ணும்

ரசீதுப் புத்தகத்தில் ஓர் எண் காணாமற்போனால் தணிக்கையாளருக்கு ஐயம் எழும். அதனால்தான் கெட்டுப்போன ரசீதையும் ‘ரத்து’ என்றெழுதிப் புத்தகத்திலேயே விட்டுவைப்பார்கள். ஆனால் கணிப்பொறி தானாக இடும் வரிசை எண்களில் 100, 101, 103 என இடைவெளி விழுவதுண்டு. 102 எங்கே போயிற்று? யாரேனும் அழித்துவிட்டனரா?

1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக அமைக்கும் முறையை முன்மொழிந்தார். அதே பத்தாண்டில் அங்குப் பணியாற்றிய ஜிம் கிரே முதலிய அறிஞர்கள் மற்றொரு நெறியை உருவாக்கினர். ஒரு நடவடிக்கை முழுவதும் நிறைவேற வேண்டும். இல்லையேல் எதுவுமே நடவாதது போல் ஆகிவிட வேண்டும் என்பதே அது. பின்னர் வந்த தரவுத்தளங்களில் வரிசை எண் மட்டும் இந்நெறிக்கு விலக்காயிற்று.

காரணம் எளிது. இருவர் ஒரே சமயத்தில் பதிவு செய்வதாகக் கொள்வோம். முதல்வர் 102-ஐப் பெறுகிறார். அடுத்தவர் 103-ஐப் பெறுகிறார். முதல்வரின் பதிவு பாதியில் முறிந்தால் அவருடைய விவரங்கள் நீங்கிவிடும். எண் மட்டும் திரும்பாது. இடைவெளியே கூடாதெனில், முதல்வர் முடிக்கும்வரை மற்ற அனைவரும் காத்து நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் இடத்தில் அது இயலுமா?

இடைவெளியைவிடக் கொடியது, ஒருமுறை வழங்கிய எண்ணை மீண்டும் வழங்குவது. மை எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தின் இன்னோ டி.பி. பகுதி, அடுத்த எண்ணை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கினால், அட்டவணையில் எஞ்சிய பெரிய எண்ணிலிருந்து அது எண்ணத் தொடங்கும். கடைசிப் பதிவான 500 அழிக்கப்பட்டிருந்தால், புதியவர் ஒருவருக்கு அதே 500 கிடைக்கும்! பழைய 500-ஐக் குறித்து வேறிடத்தில் எழுதிவைத்த குறிப்பெல்லாம் இப்போது இவரைச் சுட்டும். 2003-இல் எடுத்துக்காட்டப்பட்ட இக்குறை, 2018-இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான் நீங்கியது.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? தானாக விழும் வரிசை எண் ஒரு பெயரே தவிர, கணக்கன்று. அதைக் கொண்டு பதிவுகளின் எண்ணிக்கையைக் கூறலாகாது. விடுபட்ட எண்ணை மட்டுமே சான்றாக்கி எவர்மீதும் பழி சுமத்தவும் ஆகாது. இடைவெளியற்ற எண் தேவைப்படும் விலைப்பட்டியல்களுக்கு, காத்திருப்பை ஏற்றுக்கொண்டு, தனி வரிசையொன்றை அமைப்பதே முறையாகும்.