பெசன்ட் நகரும் ஒருங்கிணைந்த போக்குவரத்தும்

தென்சென்னையின் கடலோரப் பகுதியான பெசன்ட் நகரில் ரயில் நிலையம் இல்லை. பேருந்து நிலையமே பொதுப் போக்குவரத்தின் மையம். பெரம்பூர் செல்லும் புகழ்பெற்ற 29சி இங்கிருந்துதான் புறப்படுகிறது. 1997இல் மயிலாப்பூர்வரை வந்த பறக்கும் ரயில், 2007இல் வேளச்சேரியை எட்டியது. ஆனால், அருகிலுள்ள இந்திரா நகர், திருவான்மியூர் நிலையங்களுக்கு இங்கிருந்து பலரால் நடந்துபோக முடியாது. இந்த இடைவெளியைப் பேருந்துதான் நிரப்ப வேண்டும்; அதற்குப் பேருந்தையும் ரயிலையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அப்பொறுப்புக்கான சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டும், 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. நகரம் வேகமாக விரிந்த ஆண்டுகள் அவை. அந்தத் தாமதம் பேரிழப்பு. 2025இல் வெளியான ‘சென்னை ஒன்று’ செயலி பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் பயணச்சீட்டுகளை இணைத்தது. மெட்ரோவின் மாதவரம்–சிறுசேரி தடம் அடையாறு வழியே அமைகிறது; அங்கிருந்து பெசன்ட் நகருக்குச் சிற்றுந்துகளும் தடையற்ற நடைபாதைகளும் தேவை.