கொறங்காடு: கொங்குப் புன்செய் நிலத்தில் வேலியும் மேய்ச்சலும்

கொங்கு வட்டார வழக்கில் 'காடு' என்பது வனத்தைக் குறிப்பதன்று. மழையை நம்பிப் பயிரிடப்படும் புன்செய் நிலத்தைக் குறிப்பது. கிணற்றுப் பாசனம் உள்ளது 'தோட்டம்', ஆற்று அல்லது வாய்க்கால் நீர் பாய்வது 'வயல்', வானம் பார்த்தது 'காடு' என்பது உழவர் வகைப்பாடு. இவற்றோடு 'கொறங்காடு' என்ற ஒன்றும் உண்டு. உயிர்வேலி சூழ, புல்லுக்கென்றே விடப்பட்ட பட்டா நிலம் அது. காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், அரவக்குறிச்சிப் பகுதிகளில் இன்றும் இதனைக் காணலாம். வருவாய்த்துறைக் கணக்கோ நஞ்சை, புஞ்சை என்ற இரண்டோடு நின்றுவிடுகிறது. உழவர் தனிப்பெயரிட்டுப் பேணிய நிலம், கணக்கில் பயிர் ஏறாத புஞ்சையாக மட்டுமே எஞ்சியது.

காங்கயம் மாட்டினத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பொலிகாளைத் தேர்விலிருந்தே தொடங்குகின்றன. பழையகோட்டைப் பட்டக்காரர் மரபினர், குறிப்பாக நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார், இவ்வினத்தைச் செம்மைப்படுத்தியமை நன்கறியப்பட்டது. 1936இல் சென்னையில் வெளிவந்த லிட்டில்வுட்டின் தென்னிந்தியக் கால்நடை நூல் முதலாக இச்செய்தி திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வந்துள்ளது. அதில் பிழையில்லை. ஆயினும், தேர்ந்தெடுத்த காளை எதைத் தின்று வளர்ந்தது என்ற கேள்வி அதே அழுத்தத்துடன் கேட்கப்படவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெறும் ஒரு மழைமறைவு நிலத்தில் உழைப்புக்குப் பெயர்போன ஒரு மாட்டினம் நிலைபெற்றதற்குக் காளைத் தேர்வு பாதிக் காரணம் என்றால், மறுபாதி வேலிக்குள் இருக்கிறது.

வேலியும் புல்லும்

கொறங்காட்டின் வேலி முள்கிளுவை. மழைக்காலத்துக்கு முன் போத்துகளை நெருக்கமாக நட்டால், பாசனமின்றியே அவை வேர்பிடித்துவிடும். ஆண்டின் பெரும்பகுதி இலையுதிர்த்து நின்றாலும் முள் காவல் தவறுவதில்லை. வேலியில் விழும் இடைவெளிகளை முள்வெட்டி அடைப்பதும் புதுப் போத்து நடுவதும் ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை. வேலிக்குள் ஆங்காங்கே வெள்வேல மரங்கள். தரையில் முதன்மையாகக் கொழுக்கட்டைப்புல். அதனோடு பிற புற்களும் பயற்றினக் கொடிகளும். கொழுக்கட்டைப்புல் பல்லாண்டு வாழும் தூர்ப்புல். வேர் ஆழமானது. வறட்சியில் மேற்பகுதி காய்ந்தாலும் தூர் உயிருடன் இருந்து அடுத்த மழையில் துளிர்க்கும். புல் காய்ந்துவிடும் கோடையில் வெள்வேல நெற்றுகள் ஆடுமாடுகளுக்குத் தீனியாகின்றன.

இதே புல் ஆஸ்திரேலியாவின் உள்நிலப் பகுதிகளில் இன்று நாட்டுத் தாவரங்களை நெருக்கி அழிக்கும் படையெடுப்புப் புல்லாகக் கருதப்படுகிறது. எனவே நன்மை புல்லின் தனி இயல்பில் மட்டும் இல்லை; அது வளர்க்கப்படும் ஏற்பாட்டிலும் உண்டு.

அந்த ஏற்பாட்டின் மையம் ஓய்வு. ஒரு குடும்பத்தின் மேய்ச்சல் நிலம் பல அடைப்புகளாகப் பிரிந்திருக்கும். ஓர் அடைப்பில் மேயும் காலத்தில் மற்றொன்று ஆறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புல் விதை முற்றி உதிரும்வரை அடைத்துவைப்பதும் உண்டு. மேய்ச்சலிலும் வரிசை உண்டு: நுனிப்புல்லை முதலில் மாடுகள் மேயும்; அடுத்து எருமைகள்; எஞ்சிய குட்டைப்புல்லை இறுதியில் செம்மறிகள் மேயும். புல் தேய்ந்து களை மிகும்போது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை உழுது சோளம் விதைப்பர். அறுவடைக்குப் பின் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்து புல் மீண்டெழும். உழவும் மேய்ச்சலும் இங்கு ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே வுவாசன் 1957இல் எழுதிய புல் உற்பத்தி பற்றிய நூலில், மிகைமேய்ச்சலைத் தீர்மானிப்பது மாடுகளின் எண்ணிக்கை மட்டுமன்று, புல் மறுபடி கடிபடுவதற்குமுன் அதற்குக் கிடைக்கும் காலமே என்று வாதிட்டார். சுழற்சி மேய்ச்சல் பற்றிய பிற்கால விவாதங்கள் பலவும் அவர் கருத்தைத் தொட்டே நடக்கின்றன. கொறங்காட்டு உழவர் வுவாசனை முந்திக் கண்டுபிடித்தார் என்று பெருமை பேசுவது எளிது, அது வரலாறாகாது. வுவாசனின் கணக்கு மழைவளம் மிக்க ஐரோப்பியப் புல்வெளிக்கு உரியது; நாட்கணக்கில் அடைப்பு மாற்றுவது. கொறங்காட்டில் ஓய்வை அளப்பது மழை.

கவலையும் கொறங்காடும்

இந்நிலத்தின் பொருளாதாரத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால் விளங்காது. பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆழ்கிணறுகளிலிருந்து நீரிறைத்தது கவலை. சரிவில் இறங்கி ஏறும் எருதுகள் தோல்சாலை இழுத்து நீரைக் கொணர்ந்தன. தோட்டப்பயிருக்கு எருது வேண்டும். எருதுக்குப் புல் வேண்டும். புல்லுக்குக் கொறங்காடு வேண்டும். கொறங்காட்டில் மேய்ந்த கால்நடைகளின் எரு தோட்டத்துக்கு வந்தது. செம்மறிப்பட்டி இரவில் கிடை போட்ட இடம் அடுத்த பருவத்தில் உரமேறிய நிலமாயிற்று. காளைக்கன்றுகள் கண்ணபுரம், அந்தியூர்ச் சந்தைகளில் விலைபோயின. சாகுபடி பொய்த்த ஆண்டிலும் இக்காட்டின் வருவாய் முற்றிலும் நிற்கவில்லை. பயிரிட்டால் கிடைக்கும் விளைச்சலோடு மட்டும் ஒப்பிட்டு இந்நிலத்தை 'பயனற்றது' என்போர் விட்டுவிடும் கணக்கு இது.

இச்சங்கிலி அறுபட்டதும் மேய்ச்சலின் குறையால் அன்று. பைக்காரா நீர்மின்திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கியபின் மின்மோட்டார்கள் இம்மாவட்டக் கிணறுகளுக்கு வரத்தொடங்கின. கவலை படிப்படியாக மறைந்தது. பின்னர் டிராக்டர் வந்தது. எருதின் தேவை குறைய, கொறங்காட்டில் பால் எருமைக்கும் செம்மறிக்கும் முதன்மை கூடிற்று. மேச்சேரிச் செம்மறி இன்று இவ்வடைப்புகளில் பெருமளவு காணப்படுவது இம்மாற்றத்தின் தொடர்ச்சி. காங்கயம் மாட்டின் வீழ்ச்சியை ஆராய்வோர் கலப்பினக் கொள்கையை மட்டும் காரணமாகக் காட்டுவது வழக்கம். மின்மோட்டாரையும் அதனோடு சேர்த்தெண்ண வேண்டும்.

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

கொறங்காட்டைப் போற்றும் எழுத்துகள் பொதுவாகப் பேசாத ஒன்று உண்டு. வேலி புல்லைக் காத்தது. அதே வேலி நிலமற்றவரின் ஆட்டையும் வெளியே நிறுத்தியது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பிறர் நிலத்தில் புகுந்த கால்நடையைப் பட்டியில் அடைத்துத் தண்டம் பெற வழிசெய்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் மேய்ச்சலைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. நிலமுடைய குடும்பத்துக்குத் தன் கொறங்காடு இருந்தது. பண்ணையாளுக்கும் கூலிக்கும் எஞ்சியவை புறம்போக்கும் ஏரிக்கரையும் பாதையோரமும்தாம். இந்தியாவின் வறண்ட பகுதிகளில் பொதுவள நிலங்கள் சுருங்கியதையும் அவற்றை ஏழைக் குடும்பங்களே மிகுதியாகச் சார்ந்திருந்ததையும் என்.எஸ்.ஜோதா 1986இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவ்வாய்வு கொண்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

பொதுமேய்ச்சல் அழியும், தனியுடைமை காக்கும் என்ற ஹார்டினின் 1968ஆம் ஆண்டு வாதத்துக்குக் கொறங்காட்டைச் சான்றாக நிறுத்துவது அவசரமானது. இங்கு புல்லைக் காத்தது உடைமை மட்டுமன்று. ஆண்டுதோறும் முள்வெட்டி வேலி அடைத்த கூலியாளின் உழைப்பும்தான். அவ்வுழைப்பாளிக்கு அந்தப் புல்லில் உரிமையில்லை. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் கிராமத்துக் கூலியை ஈர்த்துக்கொண்டபின் கிளுவை வேலிகள் பல இடங்களில் கம்பிவேலியாக மாறியதை இப்பின்னணியில் வைத்துக் காண வேண்டும்.

முல்லைத்திணை மரபின் எச்சமாகக் கொறங்காட்டைக் காணும் போக்கும் மறுபரிசீலனைக்குரியது. சங்கப் பாடல்களின் ஆயர் மேய்ச்சல் திறந்த நிலத்தில் கோலூன்றி நிற்பது. கொறங்காட்டில் ஆயனே தேவையில்லை. படலைச் சாத்திவிட்டால் மந்தை தானே மேயும். தொடர்ச்சியைவிட இவ்வேறுபாடே வரலாற்றாசிரியருக்குப் பயன் தருவது.

கணக்கில் தரிசு

இந்திய நிலப்பயன்பாட்டுப் புள்ளியியல் ஒன்பது வகைகளைக் கொண்டது. பயிரின்றி ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டுவரை கிடக்கும் நிலம் 'பிற தரிசு'. அதற்கும் மேற்பட்டால் 'சாகுபடிக்குரிய தரிசு'. நிரந்தர மேய்ச்சல் நிலம் என்ற வகையும் உண்டு. ஆயினும் அது நினைவூட்டுவது பெரும்பாலும் ஊர்ப்பொது மேய்ச்சலையே. அடங்கலில் ஆண்டுதோறும் பயிரின் பெயர் எழுதப்படும் பட்டா நிலத்தில் கொழுக்கட்டைப்புல் பயிராகக் கொள்ளப்படாதபோது, தரிசு என்ற பெயரே அதற்கு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. பத்தாண்டு நன்கு பேணப்பட்ட புல்வெளியும் பத்தாண்டு கைவிடப்பட்ட நிலமும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடக்கூடும்.

இது சொல்லளவிலான குறையன்று. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைந்தது முதல், தரிசு எனப்பட்ட நிலம் 'மேம்படுத்தப்பட' வேண்டிய நிலம். மரம் நடுவதும் பயிருக்குக் கொணர்வதும் அம்மேம்பாட்டின் வடிவங்கள். காற்றாலைக்கும் சூரியமின் பலகைகளுக்கும் வீட்டுமனைக்கும் இடம் தேடும்போதும் முதலில் கண்ணில் படுவது அதே கட்டம். ஒரு கொறங்காடு விற்கப்படும்போது, கிளுவை வேலி எத்தனை ஆண்டு பழையது, புல் கடைசியாக எப்போது உழுது புதுப்பிக்கப்பட்டது என்பவை பத்திரத்தில் இடம்பெறுவதில்லை. சர்வே எண்ணும் பரப்பும் 'புஞ்சை' என்ற சொல்லும் மட்டுமே அதில் இருக்கின்றன.