பெயர் மறைந்த கட்டம்

தொண்ணூறுகளின் இறுதியில் ஹட்டன் கடைத்தெருவில் கணினித் தட்டச்சுக் கடை ஒன்றில் கண்ட காட்சி இன்னும் நினைவில் நிற்கிறது. தோட்டத்திலிருந்து இறங்கி வந்திருந்த முதியவர் ஒருவர் மகளின் விண்ணப்பத்தை நிரப்பக் கொடுத்திருந்தார். படிவம் முழுவதும் தமிழ். பெயர் எழுதும் கட்டத்தில் மட்டும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடந்தன. “பேரு எங்க தம்பி போச்சு?” என்றார் முதியவர். பையனிடம் பதில் இல்லை.

பதில் பாமினியில் இருந்தது. இலங்கையில் அந்நாளில் பரவலாக வழங்கிய அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திக்கொண்டது. ‘தமிழ்’ என்று அடித்தால் கணினியில் பதிவது ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி என்ற போர்வை விலகினால் தமிழும் விலகிவிடும். வேர்ட் படிவத்தின் நிரப்பு கட்டத்துக்குத் தனி எழுத்துரு உண்டு. அது டைம்ஸ் நியூ ரோமனாக இருந்து, படிவமும் பூட்டப்பட்டிருந்தால், நிரப்புபவரால் மாற்ற இயலாது. பூட்டைத் திறந்து, கட்டத்தைத் தெரிவுசெய்து, பாமினியை இட்டு, மீண்டும் பூட்டுவதே பரிகாரம்.

இது சிறு கோளாறுதானே என்று மலையகத்தில் சொல்லிவிட முடியாது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே வழி திறந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒரு பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டு அலைந்தவர்களை மலையகத்தில் அறியாதவர் யார்? 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் சட்டத்தில் ஏறிய தமிழ், கணினியின் படிவக் கட்டத்தில் ஏறவேண்டியிருந்தது.

அதற்கான வழி யூனிகோட். 1991 இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000, லதா எழுத்துருவுடன் அதை மேசைக்குக் கொண்டுவந்தது. யூனிகோடிலும் வேர்ட் எழுத்துருவை மாற்றிக் குழப்புவதுண்டு. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு வேறோர் எழுத்துரு என இரண்டை அது தனித்தனியே வைத்திருக்கிறது. கட்டத்தை அமைக்கும்போது இரண்டையும் குறித்துவிட வேண்டும். மறந்தாலும் கேடில்லை. எழுத்தின் தோற்றம் மாறலாம். பெயர் பெயராகவே இருக்கும்.

பாமினியில் அடித்த பெயர்ப் பட்டியல்களும் சங்கக் கடிதங்களும் இன்னும் பலரது பழைய வட்டுகளில் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபார்த்து வையுங்கள். அந்த முதியவரின் கேள்வி நம் பிள்ளைகளிடமிருந்தும் வரக்கூடாது.