இரத்தம் சிந்தும் எலுமிச்சை

கலிங்கத்துப்பரணியின் பேய்கள் நம்மை அச்சுறுத்துவதில்லை. போர்க்களத்தில் கூழ் அட்டு, உண்டு, கூத்தாடி நகைப்பூட்டுகின்றன. பேயை விளையாட்டுக்கு இழுக்கும் இம்மரபை அறிவியல் வகுப்புக்குக் கொணர்ந்த சிலரைப் பற்றி இங்கு எழுத விழைகிறோம். இலக்கியம் பயின்ற நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, பேய்கள் முதலில் நம்முடையவை என்பதே விடை.

1898-இல் திருவல்லாவில் பிறந்த ஆபிரகாம் கோவூர், 1928-இல் இலங்கைக்குப் பெயர்ந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். கல்கத்தாவில் பயின்ற நாளில், கங்கை நீர் கேட்ட ஊராருக்கு வழியில் பிடித்த வெறும் நீரைக் கொடுத்ததாகவும், அதனால் நோய் தீர்ந்ததென அவர்கள் வியந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். குறும்புதான். ஆனால் பெறுபவர் அறியாமல் பொருளை மாற்றிவிடுவது, இன்றைய மருந்தாய்வில் போலி மாத்திரை தரும் அதே முறை. மெய்யான கங்கை நீரைப் பெற்ற இன்னொரு குழு அவரிடம் இல்லை. ஆகவே அது பாதிச் சோதனை.

கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009-இல் மறைந்த பிரேமானந்த், அற்புதங்களை மேடையில் செய்துகாட்டி விளக்கினார். 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'மந்திரமா தந்திரமா' என்று இதையே பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. நம் குரோம்பேட்டைக் கடைவாசல்களில் மிளகாயோடு தொங்கும் அதே எலுமிச்சையை மந்திரம் சொல்லி அறுத்தால் செந்நீர் வழியும். கத்தியில் முன்னமே செம்பருத்தியைத் தேய்த்திருப்பார்கள். பழத்தின் அமிலம் பட்டு அது சிவக்கிறது.

இங்கேதான் நமக்கொரு மனக்குறை. இரகசியத்தை உடனே சொல்லிவிட்டால் மாணவர் கைதட்டிவிட்டுப் போய்விடுவர். நேற்று மந்திரவாதியை நம்பியவர் இன்று ஆசிரியரை நம்புகிறார், அவ்வளவே. சொல்லாமல் வைத்திருந்து, சிவப்பு எதிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பழமா, கத்தியா, மந்திரமா? அதே கத்தியால் வேறு பழம்; அதே பழத்தின் மறுபாதிக்கு வேறு கத்தி; பிறகு, மந்திரமின்றி முதல் கத்தி. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுவது. இதை அவர்களே கண்டுபிடிக்கையில் வகுப்பு கொஞ்சம் இரைச்சலாகத்தான் இருக்கும்.

இதே முறையின் முதிர்ந்த வடிவம் 2008-இல் புனேயில் நடந்தது. வானியலாளர் ஜயந்த் நார்லிகர் குழுவினர் 200 சாதகங்களைத் திரட்டினர். 100 படிப்பில் சிறந்த பிள்ளைகளுடையவை, 100 மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையவை. சோதிடர் ஒவ்வொருவருக்கும் நாற்பது அனுப்பி, எது எவ்வகையென்று பிரிக்கச் சொன்னார்கள். விடையளித்தோர் 27 பேர். காசைச் சுண்டினாலே இருபது சரியாக வரும். அவர்கள் சராசரி 17.25. மிகச் சிறந்தவர் பெற்றது 24. தற்செயல் அன்று என்று ஒப்புக்கொள்ள 28 வேண்டியிருந்தது.

முடிவுகள் 2009-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளிவந்தன. அச்சோதனையில் உடன் நின்ற நரேந்திர தாபோல்கர், 2013 ஆகஸ்ட் 20 அன்று காலை நடைப்பயிற்சிக்குச் சென்றபோது புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார்.