கழுவெளி

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, இரவல் வாங்கிய தொலைநோக்கியும் ஒரு பிளாஸ்க் காப்பியுமாகப் பள்ளிக்கரணைக்குப் போயிருந்தேன். வனத்துறையார் போட்டிருக்கும் நடைபாதையில் எனக்கு முன்பே நாலைந்து பேர் உலாவிக்கொண்டிருந்தார்கள். கோரைப் புதருக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி ஒன்று, சிவந்த கால்களை அளந்து அளந்து வைத்து, கல்யாண வீட்டுச் சம்பந்தியைப் போல் வெளியே வந்தது. அப்பால் தண்ணீரில் ஊசிவால் வாத்துக்கள். ஆசியாவின் வடகோடியிலிருந்து வருகிற விருந்தாளிகள்.

ரசித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த இடத்தின் பழங்கதை நினைவுக்கு வந்துவிட்டது.

கழுவெளி என்பது நம் ஜனங்கள் இம்மாதிரி நிலத்துக்கு வைத்த பெயர். மழைக்காலத்தில் சுற்றுவட்டாரத்து ஏரிகள் முப்பதுக்கு மேல் நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீரெல்லாம் இங்கே வந்து இறங்கும். கொஞ்ச நாள் பரந்து கிடக்கும். பிறகு அவசரமில்லாமல் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலுக்குப் போகும். மாடு மேய்த்தவனுக்கும் மீன் பிடித்தவனுக்கும் இது தெரியும். சர்க்கார் கணக்கில் மட்டும் அது தரிசு. நெல் விளையாது; ஆகவே வெறும் நிலம்.

வேடந்தாங்கலை எண்ணிப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பறவைகளைச் சுடக்கூடாதென்று செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஊரார் உத்தரவு வாங்கிவிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். வயல் இருந்தது, வக்காலத்துக்கு ஆளும் இருந்தது. பள்ளிக்கரணைக்கு யார் இருந்தார்கள்?

1965 வாக்கில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் இருந்த வெளி, அடுத்த 50 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காயிற்று. பெருங்குடியில் நகரத்துக் குப்பை மலையாக எழுந்தது. ரஸ்தாக்கள் குறுக்கே ஓடின. கட்டடங்கள் வந்தன, வீட்டு மனைகள் வந்தன. அந்த மனைகளில் ஒன்று என்னுடையது. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. "கிழக்குப் பார்த்த மனை, ஸார்" என்றார் தரகர். தண்ணீர் எந்தப் பக்கம் பார்க்கும் என்று நான் கேட்கவில்லை. 2015 டிசம்பரில் அது எங்கள் கூடத்துக்குள் இடுப்பளவு வந்து நின்றது. அலமாரியின் கீழ்த்தட்டுப் புஸ்தகங்கள் கூழாகிவிட்டன. அப்போது யார் யாரையோ திட்டினேன். என் பத்திரத்தை எடுத்துப் படிக்கத் தோன்றவில்லை.

2007-இல் மிச்சமிருந்ததில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். மரமில்லாத காடு! சதுப்பு நிலங்களுக்கென்று தேசத்தில் தனி விதிகள் வந்ததே 2010-இல்தான். அதற்குள் எந்தப் பெயரிலாவது காப்பாற்றியாக வேண்டும் அல்லவா? 1971-இல் ஈரானில் ராம்சார் என்ற ஊரில் பல நாடுகள் கூடி, சதுப்பு நிலங்களைக் காக்க உடன்படிக்கை செய்துகொண்டன. அந்தப் பட்டியலில் 2022-இல் பள்ளிக்கரணையும் சேர்ந்தது. மாடு மேய்த்தவன் அறிந்திருந்ததை நாம் ஈரான் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து அறிந்தோம்.

வெயில் ஏறியது. தொலைநோக்கியை வாத்துக்களிடமிருந்து வீடுகளின் பக்கம் திருப்பினேன். எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு காப்பியைக் குடித்துவிட்டு, வாத்துக்களை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.