சிரிப்புக்குள் ஒரு சந்தை

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்னும் பெயரில் 1950களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை ‘தில்லானா மோகனாம்பாள்’. கோபுலுவின் சித்திரங்களே அதன் மாந்தருக்கு முதலில் முகம் தந்தன. 1968இல் ஏ. பி. நாகராஜன் அதைத் திரைப்படமாக்கினார். நாதஸ்வரக் கலைஞன் சண்முகசுந்தரமும் ஆடல்மகள் மோகனாவும் கொண்ட காதலையும் ஊடலையும் சுவைத்தோம்; நாகேஷ் நடித்த வைத்தியைக் கண்டு சிரித்தோம். ஆனால், வைத்தி யார்? ஆடற்பெண்ணைச் செல்வருக்கு விலைபேசும் தரகனல்லவா! சென்னை மாகாணத்தில் 1947இல் வந்த சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்தது. கலையையும் கலைஞரையும் காசுக்கு வாங்கலாம் என்னும் செருக்கை எந்தச் சட்டம் தடுத்தது? மோகனா அச்செருக்குக்கு இணங்க மறுக்கிறாள். அம்மறுப்பே கதையின் உயிர். தேயிலைத் தோட்டத்து உழைப்பினிடையே காமன் கூத்தைக் காத்துவந்த மக்களின் மலையகத்தில், பொல்பிட்டியவில் வாழும் நாம், கலைஞரின் மானத்தை மறந்து சிரித்துவிட்டுப் போகலாமா?